மொட்டை ரங்காவும் கொம்பு ரெங்காவும்

பவித்ரா, தினேஷ், இந்த வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதப்போவது உங்களுக்குத் தெரிந்த கதை மாதிரிதான் இருக்கும். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதி நடந்தபோது ஒருத்தி காலேஜில் இருந்தாள், ஒருத்தன் ஸ்கூலில் இருந்தான். நான் மன்னார்புரத்தில் ஒரு பெரிய கடையின் உள்ளறையில், ஒரு மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மேஜையின் மேல் மூன்று பாக்கெட்.

மூன்றும் இட்லிப் பொடி. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ். பச்சையில் "ரெங்கா ஹோம் புட்ஸ்" என்று எழுதி, கீழே ஒரு கோபுரம். மஞ்சளில் "ரங்கா புட்ஸ்", கைகூப்பும் ஒரு பெண். ரோஸில் "ஸ்ரீ ரங்காஸ்", ஒரு தட்டில் நாலு இட்லி.

மேஜைக்கு அந்தப் பக்கம் சாதிக் பாய். அந்தக் கடையில் எந்தச் சரக்கை வாங்குவது, எந்த ரேக்கில் அடுக்குவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. என்னைவிட வயதில் சின்னவர். பேச்சில் மரியாதை குறையாது.

"அண்ணே, இதுல எது உங்களது?"

"மூணுமே எங்களதுதான் பாய்."

"அப்படிச் சொல்லாதீங்க. ஒண்ணு உங்களது, மத்த ரெண்டும் டூப்ளிகேட்டுன்னு சொன்னீங்கன்னா எனக்கு வேலை சுலபம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஏசியிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நடந்தது இதுதான். ஸ்ரீரங்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாமி, அந்தக் கடையில் நம்முடைய மஞ்சள் பாக்கெட்டை வாங்கியிருக்கிறார். மறுநாளே பிரித்த பாக்கெட்டோடு திரும்பி வந்துவிட்டார். கூடவே, சாட்சிக்கு, ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சைப் பாக்கெட்.

சாதிக் பாய் அந்த மாமி மாதிரியே கையை ஆட்டிச் சொன்னார்: "'நான் பொறந்து வளர்ந்ததே ஸ்ரீரங்கம். எங்க ரெங்காவுக்குக் கொம்பு உண்டு. இதுக்கு இல்லை, பாருங்கோ. வாசனையே வேறயா இருக்கு'ன்னாங்க அண்ணே. நானும் ரெண்டையும் மோந்து பாத்தேன். எனக்கு ரெண்டும் பெருங்காயமாத்தான் தெரிஞ்சுது."

அந்தப் பச்சையும் மஞ்சளும் ஒரே வாரம், ஒரே மிஷினில், உங்கள் அம்மா ஒரே சட்டியில் வறுத்து அரைத்தவை. வாசனை வேறாக இருக்க வழியே இல்லை. அதை எப்படிச் சொல்லி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஓனர் காது வரைக்கும் போயிடுச்சு," என்றார் சாதிக் பாய். "போலிச் சரக்கு விக்கிறோம்னு வெளிய பேச்சு வந்துச்சுன்னா எங்க கடைக்குத்தான் கெட்ட பேரு. வர்ற திங்கக்கிழமை ரேக் மாத்தி அடுக்குறோம். அதுக்குள்ள ஒரே பேரு, ஒரே கலரு, ஒரே முகமா கொண்டாந்து வைங்க. இல்லேன்னா சரக்கை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க அண்ணே. எனக்கும் மனசு இல்லதான்."

அந்த ரேக் போனால் நமக்கு என்ன ஆகும் என்று அன்று உங்களிடம் நான் சொல்லவில்லை. துவாக்குடிப் பட்டறையில் பார்த்த வேலையை விட்டாயிற்று. மிஷின் போட ஷெட்டு எடுத்தாயிற்று. ஸ்ரீரங்கத்துச் சின்னக் கடைகளை மட்டும் வைத்து அந்த ஷெட்டைத் திறந்து வைக்க முடியாது. மன்னார்புரத்து ரேக்தான் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது மூன்று பாக்கெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனி நல்லா இருக்கும்?" என்று கேட்டார்.

ஒரு பேர் மூன்றான விதம்

யாரும் உட்கார்ந்து யோசித்துத் தப்புச் செய்யவில்லை. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

முதலில் பச்சை. அம்மாவின் பேர் ரெங்கநாயகி. நான் கூப்பிடுவது ரெங்கா. நம் ஊரில் இந்தப் பேரை எழுதுகிறவர்கள் பாதிப் பேர் கொம்பு போட்டுத்தான் எழுதுவார்கள். ரெங்கநாதன், ரெங்கராஜ், ரெங்கம்மா. வாயிலும் அப்படித்தான் வரும். அதனால் முதல் கவரில் ரெங்கா என்றே போட்டோம். லைசென்ஸ் வாங்கியதும் அந்தப் பேரில்தான்.

பச்சைக் கவர் அடித்துக் கொடுத்தவர் பிரஸ்ஸை மூடிவிட்டார். வேறு ஒரு பிரஸ்ஸுக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த தம்பி, "சார், ரெங்கான்னு எழுதினா தப்பு. ரங்கான்னுதான் வரும்," என்றார். நான் படித்தது பத்தாவது. அவர் தமிழை நாள் பூரா டைப் அடிக்கிறவர். சரி என்று தலையாட்டினேன். பச்சை மை தீர்ந்துவிட்டது என்று மஞ்சளில் அடித்தார். அதற்கும் தலையாட்டினேன்.

ரோஸ் கவர் உங்கள் மாமா உபயம். பேரில் எழுத்துக் கூட்டுத்தொகை சரியில்லை, முன்னால் ஒரு ஸ்ரீயும் பின்னால் ஒரு ஸ்ஸும் சேர்த்தால் ஓஹோ என்று ஓடும் என்றார். ஓடியது. மூன்று பக்கமாக ஓடியது.

பவித்ரா, உன்னையும் விடப்போவதில்லை. இன்ஸ்டாவில் நீ ஆரம்பித்த பக்கத்துக்கு என்ன பேர் வைத்தாய்? "ரெங்கா மம்மீஸ் கிச்சன்." அது நாலாவது. நல்ல வேளை, சாதிக் பாய் இன்ஸ்டா பார்க்கிறவர் இல்லை.

அண்ணன் ஊர், தங்கை ஊர்

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரோஸ் கவரை நான் முதலில் சமயபுரத்துக்கு மட்டும்தான் அனுப்பினேன்.

சமயபுரத்து அம்மனுக்கு நம் ரெங்கநாதர் அண்ணன் முறை. தைப்பூசத்தன்று கொள்ளிடக்கரையில் அண்ணன் வீட்டுச் சீர் தங்கைக்குப் போகும். உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த மணலில் நான் நடந்திருக்கிறேன். புடவை, மாலை, பழத்தட்டு என்று வரிசையாகப் போகும்போது தினேஷ், "அப்பா, அண்ணன்னா எல்லாம் கொடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, பவித்ராவைப் பார்த்து, "தம்பின்னா வாங்கிக்கலாம்ல?" என்றான்.

ரோஸ் கவர் வந்தபோது அதை நினைத்த என் புத்தி போனது வேறு பக்கம். அண்ணன் ஊருக்கு ஒரு பேர், தங்கை ஊருக்கு ஒரு பேர் இருந்தால் என்ன என்று நினைத்தேன். சமயபுரத்துக்கு வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். ஸ்ரீரங்கத்தில் வாங்குகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஒருத்தர் கண்ணில் இன்னொருத்தர் பாக்கெட் படாது என்பது என் கணக்கு.

ஆற்றுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒரே பஸ்ஸில் ஏறி மன்னார்புரத்தில் இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நிரப்பி வைத்த மஞ்சள் பாக்கெட் தீர்ந்த ஒரு நாள் நானே ரோஸ் கவரைக் கொண்டுபோய் அந்த ரேக்கில் அடுக்கினேன்.

வீட்டில் கூடிய பஞ்சாயத்து

சாதிக் பாயைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று பாக்கெட்டையும் தரையில் வைத்தேன். பவித்ராவின் சிநேகிதி ஹரிணியும் வந்திருந்தாள். டிசைன் படிக்கிற பெண். லேப்டாப்பைத் திறந்து, அழகழகாக எழுதிக் காட்டினாள்.

"அங்கிள், ரங்கான்னே வச்சுக்கலாம். அந்தக் கொம்பு முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்குது. வட்டத்துக்குள்ள உக்கார மாட்டேங்குது."

"ஆமாப்பா," என்றாள் பவித்ரா. "ரெங்கான்னா கொஞ்சம் பட்டிக்காடு மாதிரி இருக்கு. ரங்காதான் ஸ்டைலு."

"கொம்பை எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு இலை வைக்கலாம்," என்றாள் ஹரிணி.

நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பாகிவிடும் போலிருந்தது. ரங்கா என்று வைத்தால் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் போலி என்பார்கள். ரெங்கா என்று வைத்தால் கவர் இல்லை. பச்சைக் கவர் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. மூட்டை மூட்டையாக இருந்தது மஞ்சள். புதிதாக அடிக்கத் திங்கட்கிழமைக்குள் முடியாது என்று பிரஸ்ஸில் கையை விரித்துவிட்டார்கள்.

அம்மா அதுவரை பேசவில்லை. அடுப்பில் உளுந்து சிவந்துகொண்டிருந்தது. கரண்டியை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"ஏங்க, இது யாரு பேரு?"

"உன் பேருதான்."

"என் பேரை எப்படி எழுதணும்னு பிரஸ்ல கேட்டீங்க, என் அண்ணன்கிட்ட கேட்டீங்க, இந்தப் பொண்ணுகிட்டயும் கேக்குறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கரண்டியை எங்கள் பக்கம் நீட்டினாள்.

"என் பேருக்குக் கொம்பு உண்டு. ஸ்கூல்ல எடுத்தாங்க, சும்மா இருந்தேன். கல்யாணப் பத்திரிகையில எடுத்தாங்க, சும்மா இருந்தேன். உங்க அக்கா சீர் கொடுத்த எவர்சில்வர் சம்படத்துல கடைக்காரன் பேரு வெட்டினானே, அதுலயும் மொட்டையாத்தான் வெட்டியிருக்கான். இப்ப நானே வறுத்து நானே அரைக்கிற பொடி. இதுலயும் எடுத்தாச்சு."

"அம்மாவுக்குக் கொம்பு முளைச்சிடுச்சு டோய்!" என்று கத்தினான் தினேஷ்.

"முளைக்கலடா. பொறக்கும்போதே இருந்துச்சு. நீங்கதான் ஆளாளுக்கு ஒடிக்கிறீங்க."

எல்லாரும் சிரித்தோம். ஹரிணி சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடினாள். உளுந்து ஒரு பக்கம் கருகிவிட்டது. அம்மா அந்தச் சட்டியை அப்படியே கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டாள்.

போர்டு படிக்கும் வியாதி

மறுநாள் காலையிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. கண்ணில் படுகிற போர்டையெல்லாம் படித்தேன்.

ராஜகோபுரத்திலிருந்து உள்ளே நடந்தால் தையல் கடை ரெங்கா, செல்போன் கடை ரங்கா. பழைய லாட்ஜ் ரெங்கா, அதன் மாடியில் புதிதாகக் கட்டிய ஏசி ரூமுக்கு ரங்கா. ஒரு ஆட்டோவின் முன்னால் ரெங்கா, பின்னால் ரங்கா. பழையதுக்குக் கொம்பு, புதுசுக்கு மொட்டை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்த தெருவிலேயே அது பொய்த்தது. பெயிண்ட் காயாத புத்தம்புதுப் பழமுதிர் கடை, ரெங்கா.

யாரைக் கேட்பது? கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நேற்று வரை அப்படிக் கேட்டுத்தானே இங்கே வந்து நிற்கிறேன் என்று நினைத்தேன். ஒரு சோடா குடித்தேன். சோடா பாட்டிலில் என்ன பேர் இருக்கிறது என்று பார்த்தேன்.

வரதன் கடையில்

தெற்கு உத்தர வீதி முனையில் இருக்கிற வரதன் கடைதான் நம் பொடியை முதன்முதலில் வாங்கிப் போட்ட கடை. பாக்கி இருக்கிற பச்சைப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், திங்கட்கிழமைக்கு அதையாவது மன்னார்புரத்து ரேக்கில் வைக்கலாம் என்று போனேன்.

நான் போய் நிற்கிறேன், அதற்குள் பூக்கூடையோடு ஒரு அம்மா வந்தார். கோயில் வாசலில் பூ விற்கிறவர்.

"வரதா, ரெங்கா பொடி ஒண்ணு குடு. மொட்டை வேணாம்."

வரதன் குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு பச்சைப் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்னது மொட்டை?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லண்ணே. உங்க மஞ்சப் பாக்கெட்டை இங்க மொட்டை ரங்காம்பாங்க. பச்சையைக் கொம்பு ரெங்காம்பாங்க."

"எவ்வளவு நாளா?"

"மஞ்சக் கவரு வந்ததுலேருந்தே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். நீங்கதானே போட்டுத் தர்றீங்க!"

"அப்ப மஞ்சளை யாரு வாங்குறா?"

"வெளியூர்க்காரங்க. அவங்களுக்குக் கொம்பும் தெரியாது, மொட்டையும் தெரியாது."

நான் அந்தப் பூக்காரம்மாவிடம் திரும்பினேன். "அம்மா, ரெண்டும் ஒரே பொடிதாம்மா. நாங்கதான் ரெண்டையும் அரைக்கிறோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க சரக்கா இது?"

"ஆமாம்மா."

"உங்க சரக்குன்னா உங்க பேரை ஒழுங்கா எழுத மாட்டீங்களா?"

பாக்கெட்டைப் பூவுக்கு அடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

நான் வரதனிடம் கேட்டேன்: "கலர் மாறினதுதான் காரணமோ? பச்சையா இருந்தாத்தான் வாங்குவாங்களோ?"

"கலரை யாருண்ணே பாக்குறா. போன மாசம் பச்சையிலேயே ஒரு கவரு வெளுத்து வெள்ளையா வந்துச்சே, அதையும் வாங்கிட்டுத்தான் போனாங்க. எழுத்தைத்தான் பாப்பாங்க. எங்க ஊருப் பேரு, எங்க ஊரு எழுத்து. கொம்பு இருந்தா உள்ளூரு, அவ்வளவுதான்."

நாங்கள் வீட்டில் பஞ்சாயத்து வைத்து முடிவு செய்ய முடியாமல் தவித்ததை, இந்தத் தெரு எப்போதோ முடிவு செய்து, அதற்குப் பேரும் வைத்து, சிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறது. எங்கள் காதில் மட்டும் விழவில்லை.

ஒட்டாத மை

முடிவு வந்துவிட்டது. பேர் ரெங்கா. கவர் மஞ்சள், ஏனென்றால் இருப்பது அதுதான். மஞ்சளில் ரங்காவுக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே ஒரு கொம்பு வைத்துவிட்டால் தீர்ந்தது. ரோஸில் ஸ்ரீ வந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் அதற்கு வழியில்லை. அந்தக் கவர்க் கட்டைப் பரணில் போட்டோம். உங்கள் மாமாவிடம் இதுவரை சொல்லவில்லை. இந்த வாரம் படித்துத் தெரிந்துகொள்வார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவரிடம் போனேன்.

"என்ன எழுதணும்?"

"ஒரு கொம்பு."

"கொம்பு போட்டு என்ன எழுத்து?"

"எழுத்து வேணாம். கொம்பு மட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், ஆபீஸ் முத்திரை அடிச்சிருக்கேன், டாக்டர் பேரு அடிச்சிருக்கேன். வெறும் கொம்பு கேட்டு வந்தது நீங்கதான். எதுக்கும் சொல்லுங்க, இது போலீஸ் கேஸ் ஒண்ணும் இல்லையே?"

ஸ்டாம்ப் அழகாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து மஞ்சள் கவரில் ஒரு குத்து. கொம்பு ஜோராக நின்றது. அம்மா விரலால் தொட்டாள். கொம்பு அவள் விரலுக்கு வந்துவிட்டது, கவரில் வெறும் நீலத் தீற்றல். பிளாஸ்டிக் கவரில் ஸ்டாம்ப் மை ஒட்டாது என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. விசிறி போட்டுக் காய வைத்தோம். வெயிலில் வைத்தோம். தொட்டால் வந்துவிட்டது.

திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாதிக் பாய் அந்தப் பாக்கெட்டை எடுத்துத் தேய்த்துப் பார்ப்பது மாதிரியே கண்முன்னால் வந்துகொண்டிருந்தது.

பட்டறையில் இரும்புத் தகட்டில் குறி போடுகிற பெயிண்ட் மார்க்கர் நினைவுக்கு வந்தது. எண்ணெய்த் தகட்டிலேயே ஒட்டும், பிளாஸ்டிக்கில் ஒட்டாதா? துவாக்குடிக்கு ஓடினேன். பழைய கூட்டாளி ஆரோக்கியம் ஸ்டோரைத் துழாவிவிட்டு, "சிவப்புதான் இருக்கு, பரவாயில்லையா?" என்றான்.

எனக்குத் திக்கென்றது. எங்கள் பட்டறையில் சிவப்புக் குறி போட்டால் அந்தத் தகடு ரிஜெக்ட். எத்தனை வருஷம் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். இப்போது நானே என் சரக்கின் நெற்றியில் சிவப்பு போட வேண்டும்.

"என்னடா பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்றான் ஆரோக்கியம்.

"ஒண்ணுமில்ல. குடு," என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒட்டியது. நகத்தால் சுரண்டியும் போகவில்லை. பெயிண்ட் வாடை பொடியில் ஏறிவிடக்கூடாது என்று அம்மா சொன்னாள். அதனால் வெறும் கவரில் கொம்பு போட்டு, துணி காயப்போடுகிற கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, வாடை போன பிறகுதான் பொடி நிரப்பினோம்.

முதல் நாள் நாலு பேரும் உட்கார்ந்து போட்டோமே, நினைவிருக்கிறதா? பவித்ராவின் கொம்பு அச்சடித்த மாதிரி இருந்தது. தினேஷின் கொம்பு நத்தை மாதிரி ஊர்ந்தது. என் கொம்பு வெல்டிங் தட்டியது போலத் தடித்துப் போயிற்று. அம்மாவின் கொம்பு கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து, நுனியில் ஒரு சுழிப்போடு நின்றது.

கொடியில் வரிசையாகத் தொங்கியபோதுதான் பார்த்தேன். நாலு பேர் போட்டதில் நாலு முகம். எதை ஒழிக்கப் புறப்பட்டோமோ அதையே கொடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம்.

"நீங்க எல்லாரும் எந்திரிங்க," என்றாள் அம்மா. "என் பேரு, நானே போட்டுக்கிறேன்."

அதற்கப்புறம் எல்லாக் கொம்பும் அம்மா போட்டதுதான். நாம் கவரை நீட்டினோம், வாங்கித் தொங்கவிட்டோம், அவ்வளவுதான். கை வலிக்கும்போது மார்க்கரை வைத்துவிட்டு விரலைச் சொடுக்கிக்கொள்வாள். திரும்ப எடுப்பாள். சாய்வு மாறவே இல்லை.

திங்கட்கிழமை

மன்னார்புரத்தில் இறங்கி நேரே கடையின் உள்ளறைக்குப் போனேன். பெட்டியை மேஜையில் வைத்தேன். சாதிக் பாய் ஒரு பாக்கெட்டை எடுத்தார். நான் நினைத்த மாதிரியே கட்டைவிரலால் கொம்பைத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"கையால போட்டதா அண்ணே?"

"ஆமா பாய்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். ஒரே ஆளு."

பெட்டியைக் கவிழ்த்து, பாக்கெட்டுகளை மேஜையில் வரிசையாக நிறுத்தினார். மஞ்சள் வரிசையில் எல்லாச் சிவப்புக் கொம்பும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. அவர் குனிந்து, ஓரக்கண்ணால் அந்த வரிசையைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். ஒரே கைதான்," என்றார். "ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன் அண்ணே. ஒரு மாசம் பாப்போம். ஆனா நடுவுல ஒரு ரோஸ் பாக்கெட்டு வந்துச்சுன்னா, என்னைக் கேக்காதீங்க."

ரேக்கில் அடுக்கிவிட்டு, பக்கத்தில் எண்ணெய் பாட்டில் பார்க்கிற மாதிரி நின்றேன். போக மனம் வரவில்லை. ஒருத்தர் வந்து எடுத்தார், வைத்தார், போய்விட்டார். அப்புறம் காதில் போன் வைத்துக்கொண்டே ஒரு பெண் வந்தாள். "இல்லம்மா, வாங்கிட்டேன், வாங்கிட்டேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே கை நீட்டி, நம் பாக்கெட்டை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு நடந்தாள். பேரைப் படிக்கவே இல்லை.

ஹரிணி பின்னாடி அம்மாவின் கொம்பைப் போட்டோ பிடித்து, அதை அப்படியே புதுக் கவரில் சிவப்பாக வைத்தாள். வட்டத்தை எடுத்துவிட்டாள். போர்டிலும் பில்லிலும் இன்ஸ்டாவிலும் இப்போது அந்தக் கொம்புதான். இப்போதும் ஒவ்வொரு கவர் லாட் வரும்போதும் முதல் கவரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் காபி இறங்கும்.

சம்படம்

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. நீங்கள் படிக்கப் போயிருந்தீர்கள். அம்மா ரேஷன் கடையில் நின்றாள்.

அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் அந்தச் சம்படம் இருந்தது. என் அக்கா சீர் கொடுத்த எவர்சில்வர் சம்படம். ஒவ்வொரு தடவை அரைத்ததும் ருசிக்கென்று அம்மா ஒரு கைப்பிடி எடுத்து வைப்பாளே, அதுதான். அதை எப்போதும் பேர் சுவரைப் பார்க்கத்தான் திருப்பி வைப்பாள். அதுவரை நான் கவனித்ததில்லை.

இறக்கி, உள்ளே இருந்த பொடியை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, துணியில் துடைத்தேன். கழுத்துக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, "ரங்கநாயகி." முன்னால் ஒரு விரல் அளவு இடம் இருந்தது.

சிவப்பு மார்க்கரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முதலில் அதால் வரைந்தேன். இடது பக்கம் சாய வேண்டும், நுனியில் சுழிக்க வேண்டும். மூன்று தடவை மண்ணெண்ணெய் தொட்டு அழித்து வரைந்தேன். அப்புறம் பட்டறையிலிருந்து வந்தபோது கூடவே வந்த கூர் உளியை எடுத்து, சம்படத்தை மடியில் கவிழ்த்து, சின்னச் சுத்தியால் புள்ளி புள்ளியாகத் தட்டினேன். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமோ என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

மிச்சச் சிவப்பையும் துடைத்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். உலர்த்தி, பொடியைத் திரும்பக் கொட்டி, மூடினேன்.

எடுத்த இடத்திலேயே வைத்தேன். பேர் சுவரைப் பார்க்கத்தான்.